தபால்காரருக்காகக் காத்திருந்த ஐந்து பெண்கள்

(தொலைக்காட்சிப் பட்டிமன்றம். தலைப்பு: ‘இளம் வயதில் வரும் புகழ் வரமா? சாபமா?’ ‘சாபமே’ என்ற அணியில் இரண்டாவதாகப் பேசிய ஆசிரியையின் உரை.)



எனக்கு முன்னால் பேசிய நண்பர் ஒரு அருமையான வரி சொன்னார். “பூ பூக்கிற காலத்தில் பூக்கணும், அதைப் போய் சாபம்னு சொல்லலாமா?” என்று கேட்டார். நீங்களும் கை தட்டினீங்க. நானும் தட்டினேன். பூ பூக்கிறதைப் பற்றி எனக்கு எந்தத் தகராறும் இல்லை, அய்யா. பூவைப் பறிக்கிறது யாரு, கட்டுறது யாரு, விக்கிறது யாரு, சாயந்தரம் வாடினதும் குப்பையில் போடுறது யாரு? அதைப் பற்றித்தான் நான் பேச வந்திருக்கேன். (கைதட்டல்)

நம்ம ஊர் உதாரணம் சொன்னால் நாளைக்கு யாராவது என் வீட்டு வாசலுக்கு வந்துடுவாங்க. அதனால் நான் அமெரிக்காவுக்குப் போறேன். (சிரிப்பு) டிக்கெட் செலவு இல்லாமல் உங்களையும் கூட்டிக்கிட்டுப் போறேன்.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலம். அதில் டெட்ராய்ட் என்ற பெரிய நகரம். கார் செய்கிற ஊர். அதற்கு மேற்கே முப்பது கிலோமீட்டர் போனால் இன்க்ஸ்டர் என்று ஒரு சின்ன ஊர். அந்த ஊர் வளர்ந்த கதையே ஒரு சோகம். ஃபோர்டு கம்பெனியில் கறுப்பின மக்களுக்கு வேலை கிடைத்தது. ஆனால் கம்பெனி பக்கத்தில் இருந்த டியர்போர்ன் நகரத்தில் அவர்கள் குடியிருக்க முடியாது. வேலைக்கு வா, ராத்திரி தங்காதே என்று அர்த்தம். அப்படித் தள்ளி வைக்கப்பட்டவர்கள் வந்து குடியேறிய ஊர்களில் இன்க்ஸ்டரும் ஒன்று.

அந்த ஊர் உயர்நிலைப் பள்ளியில் ஒரு பாட்டுக் குழு இருந்தது. நம்ம பள்ளிக்கூடத்தில் கடவுள் வாழ்த்து பாட நாலு பிள்ளைகள் நிற்குமே, அந்த மாதிரி. அதில் பாடிக்கொண்டிருந்த சில பெண்கள் தனியாக ஒரு கூட்டு சேர்ந்தார்கள். கிளாடிஸ் ஹார்ட்டன், கேத்தரின் ஆண்டர்சன், ஜார்ஜியானா டில்மன், வானிட்டா கவர்ட், இவர்களோடு பள்ளிப் படிப்பை முடித்திருந்த ஜார்ஜியா டாபின்ஸ். தங்களுக்குத் தாங்களே அவர்கள் வைத்துக்கொண்ட பெயரைக் கேட்டால் சிரிப்பீங்க. ‘கேசின்யெட்ஸ்’. அப்படீன்னா ‘இன்னும் எங்களுக்குப் பாட வரலை’ என்று அர்த்தம். (சிரிப்பு) எவ்வளவு அடக்கம் பாருங்க! இன்னைக்கு நம்ம பிள்ளைகள் மூணு நாள் ஹார்மோனியம் கத்துக்கிட்டாலே விசிட்டிங் கார்டு அடிச்சிடுறாங்க.

1961-ஆம் வருஷம். பள்ளியில் ஒரு திறமைப் போட்டி. முதல் மூன்று இடம் பிடிப்பவர்களுக்கு டெட்ராய்டில் ஒரு இசைத்தட்டுக் கம்பெனியில் பாடிக்காட்ட வாய்ப்பு. நம்ம பெண்கள் வாங்கினது நாலாவது இடம்! வாய்ப்பு போச்சு. ஆனால் பள்ளியில் ஓர் ஆசிரியை இருந்தார். “இந்தப் பிள்ளைகளையும் சேர்த்து அனுப்புங்கள்” என்று எடுத்துச் சொல்லி அனுப்ப வைத்தார். ஆசிரியை சொன்னால் உலகம் கேட்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? (சிரிப்பு, கைதட்டல்) என் வீட்டில் மட்டும் கேட்க மாட்டேங்கிறாங்க.

அந்தக் கம்பெனிதான் மோட்டவுன். பெர்ரி கோர்டி என்ற இளைஞர் 1959-இல் தன் குடும்பத்தார் சேர்த்து வைத்திருந்த சேமிப்பிலிருந்து 800 டாலர் கடன் வாங்கி ஆரம்பித்தது. மேற்கு கிராண்ட் பூலவார்டு என்ற தெருவில் ஒரு சாதாரண வீடு. கோர்டி அதற்கு முன்னால் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஒரு பக்கம் வெறும் இரும்புச் சட்டமாக உள்ளே போகும், மறுபக்கம் புத்தம் புது காராக வெளியே வரும். பாடகர்களையும் அப்படி உருவாக்கினால் என்ன என்று நினைத்தவர். பெரிய மூளைக்காரர், மறுக்கவே முடியாது. ஆனால் ஒன்று, அய்யா. காருக்கு வீடு கிடையாது, அம்மா அப்பா கிடையாது, காய்ச்சல் வராது. பொண்ணுங்களுக்கு எல்லாம் உண்டு.

போய்ப் பாடினார்கள். கேட்டவர்களுக்குப் பிடித்தது. “நல்லாயிருக்கு, ஆனால் மற்றவர்கள் பாட்டு வேண்டாம், உங்க சொந்தப் பாட்டு ஒண்ணு கொண்டு வாங்க” என்றார்கள். சொந்தப் பாட்டுக்கு எங்கே போறது? மூத்தவரான ஜார்ஜியா, வில்லியம் காரெட் என்ற பாட்டெழுதும் நண்பரிடம் போய்க் கேட்டார். அவரிடம் ஒரு சோகப் பாட்டு இருந்தது. தலைப்பு, ‘ப்ளீஸ் மிஸ்டர் போஸ்ட்மேன்’. தபால்கார அய்யா, தயவுசெய்து கொஞ்சம் பாருங்க என்கிற பொருள். ஜார்ஜியா அதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். தலைப்பை மட்டும் வைத்துக்கொண்டு, மீதியை ஒரே ராத்திரியில் புதுசாக எழுதினார்.

தூரத்தில் இருக்கிறவனிடமிருந்து கடிதம் வருமா என்று வாசலில் நிற்கிற ஒரு பெண்ணின் தவிப்பு. இது அமெரிக்காவுக்கு மட்டும் சொந்தமான தவிப்பா? சைக்கிள் மணி சத்தம் கேட்டதும் ஓடி வந்து, “நமக்கு ஏதாவது இருக்கா?” என்று கேட்டு, அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனதும் அப்படியே நின்ற எத்தனை பேர் இந்த அரங்கத்தில் இருக்கீங்க? கை தூக்க வேண்டாம், பக்கத்தில் வீட்டுக்காரர் இருப்பார். (பலத்த சிரிப்பு)

பாட்டு தயார். ஒப்பந்தம் தயார். இங்கேதான் கதையின் முதல் முடிச்சு. ஜார்ஜியாவின் அப்பா, ‘முடியாது’ என்று சொல்லிவிட்டார். வீட்டில் அம்மா படுத்த படுக்கை. பார்த்துக்கொள்ள வேண்டியது இவர். பாட்டு, மேடை, ராத்திரி நேரக் கூடங்கள், இதெல்லாம் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. கையெழுத்து இல்லை. ஜார்ஜியா என்ன செய்தார் தெரியுமா? தான் எழுதிய பாட்டை, தான் பாட வேண்டிய பாட்டை, கிளாடிஸுக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். இந்த இடத்தில் இப்படி இழு, இந்த இடத்தில் இப்படி நிறுத்து என்று சொல்லிக்கொடுத்துவிட்டு விலகிக்கொண்டார். அவர் இடத்துக்கு வாண்டா யங் என்ற பெண் வந்தார்.

நடுவர் அவர்களே, இங்கே நான் ஒரு நிமிஷம் நின்று என் சொந்தக் கதை ஒன்று சொல்ல வேண்டும். பல வருஷத்துக்கு முன்னால் என் வகுப்பில் ஒரு பெண். குரல் என்றால் அப்படி ஒரு குரல். மாவட்டப் போட்டியில் ஜெயித்து, வெளியூரில் ஒரு பெரிய போட்டிக்கு அழைப்பு வந்தது. நானே அவள் வீட்டுக்குப் போய்ப் பேசினேன். அவள் அப்பா திண்ணையில் உட்கார்ந்து பீடியைக் கையில் வைத்துக்கொண்டு, “டீச்சரம்மா, வேண்டாம்” என்றார். அவ்வளவுதான். காரணம் சொல்லவில்லை. நான் அந்த மனுஷனைத் திட்டின திட்டு கொஞ்சமில்லை. நேரில் இல்லை, பஸ்ஸில் வரும்போது மனசுக்குள்ளே. (சிரிப்பு) ஒரு குயிலைக் கூண்டில் அடைச்சிட்டான் பாவின்னு. ஜார்ஜியா கதையைப் படித்த பிறகு அந்தத் திட்டில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். மீதிப் பாதி அவருக்கே இருக்கட்டும். (சிரிப்பு)

சரி, டெட்ராய்டுக்கு வருவோம். பாடப்போகிற கிளாடிஸுக்குப் பதினாறு வயசு. வளர்ப்புக் குடும்பத்தில் வளர்ந்த பிள்ளை. ‘வேண்டாம்’ என்று சொல்ல அவளுக்கு ஒரு அப்பா இல்லை. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனியில் பாட்டுக்கு இன்னும் மெருகேற்றினார்கள். ப்ரையன் ஹாலண்ட், ராபர்ட் பேட்மன் என்ற இருவர். அவர்களோடு ஃப்ரெடி கோர்மன் என்று ஒருவர். இந்த கோர்மன் யார் என்றால், நிஜமாகவே தபால்காரர்! (சிரிப்பு) காலையில் தபால் பட்டுவாடா, மற்ற நேரத்தில் பாட்டு எழுதுவது. தபால்காரருக்கான பாட்டைத் தபால்காரரே திருத்திக் கொடுத்தார். டிரம்ஸ் வாசித்தது மார்வின் கே. பின்னாளில் உலகமே கொண்டாடிய அந்தப் பாடகர் அன்றைக்கு அந்த வீட்டில் டிரம்ஸ் அடித்துக்கொண்டிருந்த பையன். ‘கேசின்யெட்ஸ்’ என்ற பெயரை எல்லாம் கழற்றிவிட்டு, ‘இந்தப் பொண்ணுங்க அற்புதம்’ என்று கோர்டி சொன்னாராம், அதிலிருந்து ‘மார்வெலெட்ஸ்’ என்று பெயர் வந்தது.

பெயர் வைத்தது யார்? கம்பெனி. இதையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

1961 ஆகஸ்டில் இசைத்தட்டு வெளியானது. டிசம்பரில், ‘பில்போர்டு’ பத்திரிகை வாரா வாரம் வெளியிடும் நூறு பாட்டு வரிசையில் முதல் இடம்! நாடு முழுக்க, கறுப்பர் வெள்ளையர் எல்லோரும் சேர்ந்து வாங்கிய பாட்டுகளின் வரிசை அது. மோட்டவுன் கம்பெனி அந்த வரிசையில் பிடித்த முதல் ‘முதல் இடம்’ அதுதான். ஸ்டீவி வொண்டர், சுப்ரீம்ஸ், டெம்ப்டேஷன்ஸ் என்று பின்னால் எத்தனையோ பேர் வந்தார்கள். வாசலைத் திறந்தது யார்? பள்ளிக்கூடப் போட்டியில் நாலாவது இடம் வாங்கின இந்தப் பிள்ளைகள். (பலத்த கைதட்டல்)

எதிரணி நண்பர்கள் இப்போது சிரிக்கிறார்கள். “இது வரம்தானே அம்மா, எங்க பக்கத்துக்குப் பேசுறீங்களே” என்கிறார்கள். பொறுங்கள். சினிமாவில் இடைவேளைக்கு முன்னால் எல்லாம் வரம்தான்.

பாட்டு வெற்றி பெற்றதும் அவசர அவசரமாக ஒரு பெரிய இசைத்தட்டு போட்டார்கள். அதன் அட்டையில் யார் படம் இருந்திருக்க வேண்டும்? அஞ்சு பொண்ணுங்க படம்தானே? இல்லை. தபால் பெட்டி படம்! ஒட்டடை படிந்த ஒரு தபால் பெட்டியை வரைந்து போட்டார்கள். அன்றைய அமெரிக்காவில் கறுப்பின முகத்தை அட்டையில் போட்டால் சில ஊர்க் கடைகளில் தட்டை வெளியே வைக்க மாட்டார்கள் என்ற பயம் பல கம்பெனிகளுக்கு இருந்தது. குரல் வேண்டும், முகம் வேண்டாம். இன்க்ஸ்டரில் அவர்கள் அப்பாக்களுக்கு நடந்ததும் இதுதானே? வேலைக்கு வா, தங்காதே.

படிப்பை ஒதுக்கி வைத்துவிட்டு பஸ் ஏறினார்கள். 1962-இல் மோட்டவுன் பாடகர்கள் எல்லோரையும் ஒரே பஸ்ஸில் அடைத்து ஊர் ஊராக நிகழ்ச்சி. தென் மாநிலங்களுக்குப் போனால் சாப்பாட்டுக் கடையில் உள்ளே விட மாட்டார்கள். கழிவறைக்கு விட மாட்டார்கள். அலபாமா மாநிலம் பர்மிங்காமில் அந்த பஸ்ஸை நோக்கித் துப்பாக்கியாலேயே சுட்டார்கள். பாட்டுப் பாடப் போன பிள்ளைகள், அய்யா. நாமெல்லாம் பதினாறு பதினேழு வயசில் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பஸ் பஞ்சரானதைத்தான் இன்னும் கதையாகச் சொல்லிக்கிட்டிருக்கோம்.

முதலில் விலகினது வானிட்டா. ஒரு பிரபலமான தொலைக்காட்சி நிகழ்ச்சி. நாடே பார்க்கிறது. “எந்த ஊரும்மா?” என்று கேட்கிறார்கள். பதற்றத்தில் அந்தப் பெண், ‘இன்க்ஸ்டர் டெட்ராய்டுக்குப் பக்கத்து ஊர்’ என்று சொல்ல வேண்டியதை மாற்றி, ‘டெட்ராய்டு இன்க்ஸ்டரின் புறநகர்’ என்று சொல்லிவிட்டார். சென்னை தாம்பரத்துக்குப் பக்கத்தில் இருக்குன்னு சொன்ன மாதிரி. (சிரிப்பு) நீங்க சிரிச்சீங்க பாருங்க, அன்றைக்கும் இப்படித்தான் சிரித்தார்கள். கூட இருந்தவர்களே கேலி செய்தார்கள். நாம் சிரித்துவிட்டு மறந்துவிடுவோம். அந்தப் பிள்ளை மறக்கவில்லை. ஏற்கெனவே தூக்கம் இல்லை, ஓய்வு இல்லை. மனசு உடைந்துபோய் 1963-இல் விலகி வீட்டுக்குப் போனார்.

நாலு பேர் ஆனார்கள். நடுவில் வெற்றிகள் வந்தன, இல்லை என்று சொல்லவில்லை. ‘பிளேபாய்’, ‘பீச்வுட் 4-5789’ என்று ஒரு டெலிஃபோன் நம்பரையே தலைப்பாக வைத்து ஒரு பாட்டு. 1966-இல் ‘டோன்ட் மெஸ் வித் பில்’. முன்னால் நின்று பாடும் பொறுப்பு கிளாடிஸிடமிருந்து மெல்ல மெல்ல வாண்டா பக்கம் போனது. ஸ்மோக்கி ராபின்சன் வாண்டாவின் மெல்லிய குரலுக்கென்றே பாட்டு எழுதினார். நல்ல பாட்டுகள். ஆனால் ஒரு வீட்டில் மூத்த மருமகளிடமிருந்து சாவிக்கொத்து இளைய மருமகள் கைக்குப் போனால் என்ன ஆகும் என்று தாய்மார்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இப்போது வருகிறேன் பெரிய விஷயத்துக்கு. 1964. ஹாலண்ட், டோசியர், ஹாலண்ட் என்ற மூவர் ஒரு பாட்டுப் போட்டார்கள். ‘வேர் டிட் அவர் லவ் கோ’. முதலில் மார்வெலெட்ஸிடம்தான் கொடுத்தார்கள். இவர்களுக்குப் பிடிக்கவில்லை. “இதென்ன பாட்டு, வேண்டாம்” என்று சொல்லிவிட்டார்கள். அதே கம்பெனியில் மூன்று பெண்கள் கொண்ட இன்னொரு குழு இருந்தது. சுப்ரீம்ஸ். 1961-இலிருந்து பாட்டு மேல் பாட்டாகப் பாடியும் பெரிய வெற்றி எதுவும் இல்லை. ‘வெற்றியில்லா சுப்ரீம்ஸ்’ என்று கம்பெனிக்குள்ளேயே கிண்டல். வேண்டாம் என்று தள்ளின பாட்டு அவர்கள் கைக்குப் போனது. அந்த ஆகஸ்டில் முதல் இடம்! அதையும் சேர்த்து வரிசையாக ஐந்து பாட்டு முதல் இடம்.

எதிரணி நண்பர் இதைப் பிடித்துக்கொள்வார், எனக்குத் தெரியும். “பாத்தீங்களா, திமிர் பிடிச்சுப் பாட்டை வேண்டாம்னாங்க, போச்சு. இதில் புகழ் மேல் என்ன தப்பு?” என்பார். அய்யா, ஒரு பாட்டைப் பிடிக்கவில்லை என்று சொன்னது திமிரா? இருபது வயசுப் பெண் தன் காதால் கேட்டு, தன் வாயால், ‘வேண்டாம்’ என்று சொன்ன ஒரே இடம் இந்தக் கதையில் அதுதான். அதற்கு அவள் கொடுத்த விலை என்ன? கம்பெனியின் பணம், கவனம், நல்ல பாட்டு, நல்ல மேடை எல்லாம் அந்தப் பக்கம் திரும்பியது. சுப்ரீம்ஸுக்கு நடை சொல்லிக்கொடுக்க ஆள், உடை தைக்க ஆள், நாற்காலியில் எப்படி உட்கார வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க ஆள். இன்க்ஸ்டர் பெண்களை டெட்ராய்டுக்காரர்கள் பட்டிக்காடு என்றே நினைத்தார்கள். வாசலைத் திறந்தவள் திண்ணையிலேயே நிற்கிறாள், பின்னால் வந்தவங்க கூடத்தில் உட்கார்ந்துட்டாங்க.

கோர்டியை நான் வில்லன் ஆக்கவில்லை. நியாயமாகப் பேச வேண்டும். அந்த மனிதர் இல்லாவிட்டால் அந்தப் பாட்டு இன்க்ஸ்டர் எல்லையைத் தாண்டியிருக்காது. வெள்ளைக்காரர் கம்பெனிகள் கறுப்புப் பாடகர்களை நடத்திய விதத்தைப் பார்த்தால் இவர் எவ்வளவோ மேல். ஆனால் ஒரு கேள்வி. இசைத்தட்டு போடுகிற கம்பெனி அவருடையது. பாட்டின் பதிப்புரிமை வைத்திருக்கிற கம்பெனியும் அவருடையது. பாடகர்களுக்காகப் பேசி, நிகழ்ச்சி பிடித்து, அவர்கள் நலனைப் பார்க்க வேண்டிய நிர்வாகக் கம்பெனி? அதுவும் அவருடையதே! பெண் வீட்டுக்காரரும் அவரே, மாப்பிள்ளை வீட்டுக்காரரும் அவரே, புரோகிதரும் அவரே. (சிரிப்பு) அப்புறம் சீர் குறைஞ்சுதுன்னு யாரிடம் போய்ச் சொல்றது? (பலத்த கைதட்டல்)

பெரியவர்களே அந்த ஒப்பந்தங்களைப் படித்துப் புரிந்துகொள்ளவில்லை. பதினாறு வயசுப் பிள்ளை எப்படிப் படிப்பாள்? பாடத்தானே கூப்பிட்டாங்க, படிக்கவா கூப்பிட்டாங்க என்று போட்டிருப்பாள் கையெழுத்து.

1965-இல் ஜார்ஜியானா விலகினார். ரத்தத்தில் அரிவாள் செல் நோய். கூடவே லூபஸ் என்ற நோய். மேடை முடியவில்லை. அதே மோட்டவுன் அலுவலகத்தில் செயலாளர் வேலை பார்த்தார். நினைச்சுப் பாருங்க. எந்தக் கட்டடத்துக்கு முதல் முதலிடம் வாங்கிக் கொடுத்தாரோ, அதே கட்டடத்தில் அலுவலக மேஜை.

1967-இல் கிளாடிஸே விலகினார். கல்யாணம், குழந்தை என்று வாழ்க்கை வேறு பக்கம் போனது. ஆன் போகன் என்ற பெண் அந்த இடத்துக்கு வந்தார். இசைத்தட்டுகளிலோ, பின்னணிக் குரலைப் பாடுவது பல நேரம் ‘ஆண்டன்டீஸ்’ என்ற கம்பெனியின் நிரந்தரப் பாடகிகள். 1970-இல் ஒரு இசைத்தட்டு வந்தது. தலைப்பு, ‘மார்வெலெட்ஸ் திரும்பி வந்தாச்சு’ என்கிற மாதிரி. வந்தது யாரு? வாண்டா ஒருத்தர். கூடப் பாடியது ஆண்டன்டீஸ். ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் இருந்த கேத்தரினை, “அட்டைப் படத்துக்கு மட்டும் வந்து நில்லும்மா” என்றார்கள். கேத்தரின் மறுத்துவிட்டார். நான் பாடாத பாட்டுக்கு என் முகம் எதற்கு?

1961-இல் குரல் இருந்தது, அட்டையில் முகம் இல்லை. 1970-இல் முகம் கேட்டார்கள், குரல் வேண்டாம் என்றார்கள். அதோடு முடிந்தது மார்வெலெட்ஸ். இரண்டு வருஷத்தில் கம்பெனியும் டெட்ராய்டை விட்டு லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபோய்விட்டது.

(நடுவர் மணி அடிக்கிறார்)

அய்யா, மணி அடிச்சிட்டீங்க. அமெரிக்காவிலிருந்து திரும்பி வர ரெண்டு நிமிஷமாவது வேணும். (சிரிப்பு)

பாட்டு முடிந்ததா? இல்லை. 1963-லேயே பீட்டில்ஸ் அதைப் பாடினார்கள். 1975-இல் கார்ப்பென்டர்ஸ் பாடி, அதே பாட்டு இரண்டாவது தடவையாக முதல் இடத்துக்கு வந்தது. பாட்டுக்குச் சாவில்லை. ஆனால் பாடினவர்களுக்கு? பின்னாளில் கிளாடிஸ் மறுபடியும் மேடை ஏற நினைத்தார். ‘மார்வெலெட்ஸ்’ என்று பெயர் போட வேண்டும். போட முடியவில்லை. பெயரின் உரிமை தன்னிடம் இருக்கிறது என்று சொன்ன ஒரு நிகழ்ச்சி ஏற்பாட்டாளர், 1961-இல் இந்தக் குழுவுக்குச் சம்பந்தமே இல்லாத பெண்களை நிறுத்தி, மார்வெலெட்ஸ் என்று ஊர் ஊராக மேடை ஏற்றிக்கொண்டிருந்தார். அந்த மேடையில் அவர்கள் பாடியது எந்தப் பாட்டு? தபால்காரர் பாட்டு. கிளாடிஸ் ஹார்ட்டன் உயிரோடு இருக்கிறார். அவர் பாடினதை வேறு யாரோ அவர் பெயரில் பாடுகிறார்கள்.

இந்த மாதிரிப் போலிக் குழுக்களுக்கு எதிராக சுப்ரீம்ஸ் குழுவின் மேரி வில்சன் ஒவ்வொரு மாநிலமாகப் போய்ப் பேசினார். 2000-க்குப் பிறகு பல மாநிலங்களில் சட்டம் வந்தது. அசல் குழுவில் ஒருவராவது இருந்தால்தான், அல்லது சட்டப்படி உரிமை இருந்தால்தான் அந்தப் பெயரில் மேடை ஏறலாம். சட்டம் வந்தபோது அந்த ஐந்து பேரில் ஒருத்தர் ஏற்கெனவே இல்லை. ஜார்ஜியானா 1980-லேயே முப்பத்தைந்து வயசில் போய்விட்டார். கிளாடிஸ் 2011-இல். வாண்டா 2021-இல். கேத்தரின் 2023-இல்.

ஜார்ஜியா? அப்பா கையெழுத்துப் போட மறுத்த ஜார்ஜியா? 2020 வரைக்கும் வாழ்ந்தார், எழுபத்தெட்டு வயசு. அவர் மேடை ஏறவில்லை. கைதட்டல் கேட்கவில்லை. ஆனால் அந்த 1961 இசைத்தட்டை எடுத்துப் பாருங்கள். பாட்டு எழுதியவர்கள் வரிசையில் முதல் பெயர், டாபின்ஸ்.  போகாமல் வீட்டில் நின்றவளின் பெயர் அவளிடமே இருந்தது. போனவர்களின் பெயர் கம்பெனியிடம் இருந்தது. எதிரணி நண்பர்களே, எது வரம், எது சாபம் என்று இப்போது சொல்லுங்கள். (நீண்ட கைதட்டல்)

(நடுவர் மீண்டும் மணி அடிக்கிறார்)

முடிச்சிட்டேன் அய்யா, இதோ. என் மாணவி கதை சொன்னேனே, அந்தப் பெண் போன வாரம் என்னைத் தேடி வந்தாள். இப்போது அவளுக்கு ஒரு மகள். பதிமூணு வயசு. அம்மாவைவிட நல்ல குரல். ஏதோ ஒரு பெரிய பாட்டுப் போட்டியில் அந்தப் பிள்ளையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அவள் அப்பா இப்போது இல்லை, தவறிப் போயிட்டார். “டீச்சர், நீங்க சொன்னா சரி” என்று ஒரு படிவத்தை நீட்டினாள். மூன்று பக்கம். பொடி எழுத்து. முதல் பக்கத்தில் பிள்ளையின் பெயர், வயசு, பள்ளி. கடைசிப் பக்கத்தில் பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு. அவளும் பேனாவைத் திறந்துட்டாள்.

நான் பேனாவை மூடச் சொல்லிட்டு, படிவத்தை வாங்கி வச்சிருக்கேன். இதோ, இந்தக் கைப்பையில்தான் இருக்கு. ராத்திரி வீட்டுக்குப் போனதும் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அந்த ரெண்டாவது பக்கத்தை உட்கார்ந்து படிக்கணும்.

(பலத்த கைதட்டல்)